தார்ப்பாயைத் தாங்கும் முடிச்சுகள்: ரெண்டாயிரம் வருஷக் கயிற்றுக் கதை



மலையேற்றம், காட்டுக்குள் முகாம் என்று கிளம்பும் கூட்டம் நம்ம ஊரிலும் பெருகிவிட்டது. விலையுயர்ந்த கூடாரம் வாங்க முடியாதவர்கள் கூட ஒரு தார்ப்பாய், இருபது மீட்டர் கயிறு, நாலு முளைக்குச்சி என்று பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். நல்ல விஷயம்தான்.

ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு காற்று அடிச்சு, முடிச்சு அவிழ்ந்து, பாய் முகத்துல வந்து விழுந்த பிறகுதான் பலருக்கும் கயிற்றோட ஞாபகமே வருது.

"இதுல டாக்டருக்கு என்ன வேலை?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி.

அறுவை சிகிச்சைத் துறைக்குள் நுழையும் ஒரு பயிற்சி மருத்துவர் கத்தியைத் தொடுவதற்கு முன்பே கற்றுக்கொள்வது முடிச்சு போடத்தான். கட்டில் கால், நாற்காலிக் கை, கதவுக் கைப்பிடி, எது கிடைத்தாலும் நூலைச் சுற்றிப் பழகுவோம். ரத்தக் குழாயில் போட்ட முடிச்சு நழுவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு காரணமும் இருக்கு. முடிச்சு எப்படிப் போடணும்னு படிப்படியா எழுதி, இன்று வரை நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பாடங்களில் ஒன்றை எழுதியவர் ஒரு மருத்துவர்தான்.

அந்தக் கதையையும், தார்ப்பாயை எந்த இடத்தில் எந்த முடிச்சால் கட்டணும் என்பதையும் சேர்த்தே பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

1. தார்ப்பாய் ஒரு பாய்மரத் துணி

ஆங்கிலத்தில் 'டார்பாலின்'. தார் பூசிய கெட்டித்துணி என்பதுதான் அதன் பொருள். மழையும் கடல்நீரும் புகாமல் இருக்க, பழைய கப்பல்காரர்கள் துணியில் தாரைத் தடவி சரக்கை மூடினார்கள். மாலுமிகளுக்கே 'டார்பாலின்' என்று பட்டப்பெயர் இருந்தது. அது நம்ம வாய்க்கு வந்ததும் 'தார்ப்பாய்' ஆகிவிட்டது. தார் + பாய். சொல்லும் பொருளும் இவ்வளவு கச்சிதமா பொருந்தி வந்த கடன் சொற்கள் குறைவு.

பெயர் மட்டும் இல்ல. இயற்பியலிலும் அது பாய்மரத் துணியேதான்.

3 மீட்டருக்கு 4 மீட்டர் உள்ள ஒரு பாயை எடுத்துக்கோங்க. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றை அது முழுசா நேருக்கு நேர் எதிர்கொண்டால், அதன் மீது விழும் விசை கிட்டத்தட்ட 75 கிலோ எடைக்குச் சமம். ஒரு வளர்ந்த மனிதர் கயிற்றில் தொங்குவது போல.

காற்றின் வேகம் இரண்டு மடங்காகி 72 கிலோமீட்டரைத் தொட்டால்? 150 கிலோ என்று நினைப்போம். இல்லை, 300 கிலோ. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும். புயல் நேரத்தில் கூரை மேல் கட்டிய பாய் பிய்த்துக்கொண்டு பறப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆகவே தார்ப்பாய்க்குத் தேவையான முடிச்சுகளில் பல கப்பலில் இருந்து வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. முடிச்சு அவிழ்ந்தால் உயிர் போகும் என்ற நிலையில் வாழ்ந்தவர்கள் கண்டுபிடித்து, சலித்து, வடிகட்டிக் கொடுத்தவை அவை.

2. முடிச்சு ஏன் நிற்கிறது?

ஒரே வார்த்தையில் சொன்னால், உராய்வு. கயிறு தன்னைத்தானே அழுத்திப் பிடிப்பதால் வரும் உராய்வு. இழுக்க இழுக்க அழுத்தம் கூடணும். அதுதான் நல்ல முடிச்சு.

கப்பல்காரர்கள் முடிச்சுகளை வேலையை வைத்துப் பிரித்தார்கள். மரம், கம்பு, இன்னொரு கயிறு மாதிரி வேறு பொருளோடு கயிற்றைக் கட்டுவது ஒரு வகை. இரண்டு கயிறுகளை ஒட்டுப்போடுவது இரண்டாவது வகை. நுனியில் நிலையான வளையம் உண்டாக்குவது மூன்றாவது. ஒரு பொட்டலத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது நான்காவது.

ஒரு வகையின் முடிச்சை இன்னொரு வேலைக்குப் பயன்படுத்தினால்தான் விபத்து. தலைவலி மாத்திரையை வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தது போல. மாத்திரை மேல தப்பே இல்ல, கொடுத்த இடம்தான் தப்பு.

3. முதல் மரம்: போலைன்

இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் மேல் பாயைப் போடுவதுதான் வழக்கமான அமைப்பு. முதல் மரத்தில் போட வேண்டியது போலைன்.

கயிற்றை மரத்தைச் சுற்றி எடுத்து வாங்க. நீளமான பக்கத்தில் ஒரு சின்ன வளையம் போடுங்க. சாரணர் குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் கதை இது: முயல் வளையில் இருந்து மேலே வருது, மரத்தைச் சுத்துது, மறுபடி அதே வளைக்குள்ள போகுது. சின்ன வளையம்தான் வளை, நீளமான கயிறு மரம், நுனி முயல். அவ்வளவுதான்.

1627இல் வெளியான கடல் இலக்கண நூல் ஒன்றில் இந்த முடிச்சின் பெயர் வருகிறது. எழுதியவர் கேப்டன் ஜான் ஸ்மித். அமெரிக்காவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தில் இருந்தவர், போகஹான்டஸ் கதையில் வருபவர், அவரேதான். பாய் கிழிந்தாலும் கிழியுமே தவிர இந்த முடிச்சு நழுவாது என்கிற தொனியில் எழுதியிருக்கிறார்.

இதன் உண்மையான பெருமை வேறு. எவ்வளவு பாரம் தாங்கிய பிறகும், பின்பக்கத்தை மடக்கி விட்டால் சுலபமாக அவிழ்ந்துவிடும். நனைந்த கயிறு, குளிரில் விரைத்த விரல், விடியற்காலை இருட்டு. அப்போது அவிழ்க்க முடியாத முடிச்சைக் கத்தியால்தான் அறுக்கணும். அடுத்த முகாமுக்குக் கயிறு குட்டையாகிப் போகும்.

அவிழ்க்கத் தெரிந்து கட்டுவது நம்ம கடற்கரையிலும் உள்ள அறிவுதான். கட்டுமரம் என்பதே கட்டிய மரம். கடலுக்குப் போகும்போது மரங்களைச் சேர்த்துக் கட்டி, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். 'கட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல் இந்தக் கட்டிலிருந்து போனதுதான்.

4. இரண்டாவது மரம்: லாரிக்காரர் முடிச்சு

மறுமுனையில் கயிற்றை விறைப்பா இழுத்துக் கட்டணும். வெறும் கைபலத்தால் இழுத்தால் நடுவில் தொய்வு விழும். தொய்வில் மழைநீர் தேங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு பக்கெட் தண்ணி தேங்கினாலே 15 கிலோ கூடுதல் பாரம்.

நம்ம நெடுஞ்சாலை லாரிகளைக் கவனிச்சுப் பாருங்க. சரக்கு மேல போட்ட தார்ப்பாயை ஓட்டுநரும் கிளீனரும் எப்படி இறுக்குகிறார்கள்? கயிற்றின் நடுவில் ஒரு உருவாஞ்சுருக்கு போட்டு வளையம் உண்டாக்குவார்கள். நுனியைக் கீழே கொக்கியில் மாட்டி, அந்த வளையம் வழியா மேலே எடுத்து, திரும்பக் கீழ்நோக்கி இழுப்பார்கள். வளையம் ஒரு கப்பி மாதிரி வேலை செய்கிறது.

கணக்குப்படி மூன்று மடங்கு பலம் கிடைக்கணும். கயிறு கயிற்றோடு உராய்வதால் அவ்வளவு கிடைக்காது. கிடைப்பதே தாராளம். இழுத்துப் பிடித்த இடத்தை விரலால் கவ்விக்கொண்டு, ரெண்டு அரைக்கட்டு போட்டு நிறுத்திடுங்க.

இந்த முடிச்சைக் கண்டுபிடித்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வண்டி ஓட்டியவர்களும் பாரம் ஏற்றியவர்களும் கைமாற்றிக் கொடுத்தது.

5. கம்பும் கையும்: ஹெராக்லாஸ் என்ற மருத்துவர்

இப்போ அந்த மருத்துவர் கதைக்கு வருவோம்.

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவராகக் கருதப்படும் கிரேக்க மருத்துவர் ஹெராக்லாஸ். உடைந்த எலும்பை இழுத்து நேராக்கவும், விலகிய மூட்டைப் பொருத்தவும், தாடையைத் தாங்கவும் 18 முடிச்சுகளையும் தூளிக்கட்டுகளையும் விவரித்து எழுதினார். இடது கையில் இதைப் பிடி, வலது கையால் அதை மேலே கொண்டு போ, என்று சமையல் குறிப்பு போல படிப்படியாக.

அவர் எழுதிய மூலப்பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. பிறகு எப்படித் தெரியும்? நான்காம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசர் ஜூலியனின் மருத்துவராக இருந்த ஓரிபாசியஸ், தனக்கு முந்தைய மருத்துவ நூல்களைத் தொகுத்தார். அந்தத் தொகுப்புக்குள் ஹெராக்லாஸின் முடிச்சுகளும் ஏறிக்கொண்டன. ஒரு மருத்துவர் எழுதி, இன்னொரு மருத்துவர் படியெடுத்ததால் பிழைத்த அறிவு.

அந்த 18இல் ஒன்று, சிறுவர்கள் விரல்களுக்கிடையே நூல் கோர்த்து விளையாடுவோமே, அந்த வகை நூல் உருவம். உடைந்த தாடையைத் தாங்க அதைப் பயன்படுத்தினார்கள். நூல் உருவத்தைப் பற்றி உலகில் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துப் பதிவு அதுதான். விளையாட்டுப் புத்தகத்தில் இல்லை, மருத்துவப் புத்தகத்தில்.

இன்னொன்றுக்கு அவர் வைத்த பெயர் 'மாலுமிச் சுருக்கு'. ஆய்வாளர்கள் அதை இன்றைய க்ளோவ் ஹிட்ச் என்று அடையாளம் காண்கிறார்கள். கம்பைச் சுற்றி ஒரு சுற்று, தன்னையே குறுக்காகத் தாண்டி இன்னொரு சுற்று, நுனியை அந்தச் சுற்றுக்குக் கீழே நுழைத்து இழுத்தால் முடிந்தது. பெயரே சொல்கிறது, மருத்துவர் அதை மாலுமியிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறார்.

கை எலும்பு முறிந்தவருக்கு மணிக்கட்டைக் கழுத்தோடு தொங்கவிடும் கட்டை இன்றும் முதலுதவி வகுப்புகளில் சொல்லித் தருகிறோம். மணிக்கட்டில் போடுவது அதே க்ளோவ் ஹிட்ச்தான். ரெண்டாயிரம் வருஷம் ஆகியும் மாறவில்லை.

தார்ப்பாயில் இதன் இடம், பாயைத் தூக்கிப் பிடிக்கும் ஊன்றுகோலின் தலை. கவனம், கம்பு உருண்டாலோ கயிறு ஆடி ஆடித் தளர்ந்தாலோ இது அவிழும். அதனால் முதல் மரத்தில் இதை நம்ப வேண்டாம்.

6. பாயையும் கயிற்றையும் சேர்க்க: ஒரு இசை ஆசிரியரின் கொடை

கட்டிய கயிற்றின் மேல் பாயைப் போட்டாச்சு. காற்றில் அது கயிறு வழியாகவே வழுக்கி ஒரு பக்கம் சுருங்கிவிடும். அதைத் தடுக்க வேண்டியது ப்ரூசிக்.

கார்ல் ப்ரூசிக் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மலையேறி. தொழிலால் இசை ஆசிரியர். முதல் உலகப்போர்க் காலத்தில் அறுந்துபோன இசைக்கருவித் தந்திகளைச் சரிசெய்ய இந்த முடிச்சைப் பயன்படுத்தினார் என்று சொல்வார்கள். 1931இல் மலையேற்ற இதழ் ஒன்றில், கயிற்றைப் பிடித்து மேலேறும் வழியாக இதை வெளியிட்டார்.

மெல்லிய கயிற்றில் ஒரு மூடிய வளையம் செய்யுங்க. அதைத் தடித்த கயிற்றின் மேல் வைத்து, வளையத்துக்குள்ளேயே மூன்று முறை நுழைத்துச் சுற்றி இழுங்க. சுமை இல்லாதபோது கையால் தள்ளினால் நகரும். சுமை விழுந்ததும் கவ்விக்கொள்ளும். பாயின் இரண்டு மேல் முனைகளையும் இதில் மாட்டினால் எந்தப் பக்கம் வேண்டுமோ தள்ளி விறைப்பாக்கலாம். ஒரே நிபந்தனை, சுற்றும் கயிறு மெயின் கயிற்றை விட மெல்லியதாக இருக்கணும்.

பனிப்பிளவில் விழுந்த எத்தனையோ பேர் இந்த முடிச்சைப் பிடித்து மேலே வந்திருக்கிறார்கள். நாம ஒரு பாயைக் கட்டத்தான் கேட்கிறோம்.

7. கிழிந்த மூலை: நெசவாளர் முடிச்சு

மலிவான பாய்களில் மூலையில் உள்ள அலுமினிய வளையம் முதல் காற்றிலேயே பிய்ந்து வந்துவிடும். அதுக்காகப் பாயைத் தூக்கிப் போட வேண்டாம்.

மூலையை ஒன்று சேர்த்து மடக்கிப் பிடிங்க. கயிற்றை அந்த மடிப்பின் உள்ளே கீழிருந்து மேலாக எடுங்க. மடிப்பின் இரண்டு பக்கத்தையும் பின்னால் ஒரு சுற்று சுற்றுங்க. கயிற்றைத் தன் அடியிலேயே செருகி இழுங்க. இது ஷீட் பெண்ட். நெசவாளர்கள் அறுந்த நூலை ஒட்டுப்போடும் முடிச்சும் வலை பின்னுபவர்களின் முடிச்சும் அமைப்பில் இதேதான். பாய்மரக் கயிறு, தறி நூல், மீன்வலை என்று மூன்று தொழிலுக்கும் பொதுச்சொத்து.

8. முளைக்குச்சி: தளர்த்தி இறுக்கும் முடிச்சு

பாயின் கீழ் மூலைகளை மண்ணில் அறைந்த முளைகளோடு கட்டணும். இங்கே தேவை, அவிழ்க்காமலே இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற டாட்லைன் ஹிட்ச்.

ஏன் இது தேவைப்பட்டது என்பதே ஒரு வரலாறு. பழைய கூடாரக் கயிறுகள் சணலும் பருத்தியும். நனைந்தால் இவை சுருங்கும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கயிறு, மழையில் சுருங்கி முளையைப் பிடுங்கும், துணியைக் கிழிக்கும். அதனால் படுக்கப் போவதற்கு முன் கயிறுகளைத் தளர்த்திவிடுவது அந்தக் கால முகாம் ஒழுக்கம்.

1938இல் நைலான் அறிவிக்கப்பட்டது. கதை தலைகீழானது. நைலான் நனைந்தால் நீளும். இப்போ நாம நடுராத்திரி எழுந்து இறுக்க வேண்டியிருக்கு. முடிச்சு என்னவோ அதேதான்.

முளையைச் சுற்றி நுனியைத் திரும்பக் கொண்டு வாங்க. மெயின் கயிற்றை, முளை இருக்கும் பக்கமாக வளையத்தின் உள்ளே ரெண்டு சுற்று சுற்றுங்க. பிறகு வளையத்துக்கு வெளியே வந்து, அதே திசையில் இன்னொரு சுற்று போட்டு நுனியைச் செருகுங்க. முடிச்சைக் கையால் நகர்த்தலாம். பாய் இழுத்தால் நகராது.

நைலான் இன்னொரு சிக்கலையும் கொண்டு வந்தது. அது வழவழப்பு. சணல் கயிற்றில் உறுதியாக நின்ற போலைன், வழுக்கும் கயிற்றில் ஆடி ஆடித் தளரலாம். நுனியை ஒரு சாண் நீளம் விட்டு, இன்னொரு அரைக்கட்டும் போட்டு வைங்க. எங்களுக்கும் இதே பிரச்சினைதான். பட்டு நூலில் மூன்று கட்டு போதும் என்றால், நைலான் தையல் நூலில் ஐந்தாறு கட்டு போடுவோம்.

9. போடக் கூடாத இடத்தில் போடும் முடிச்சு

இப்போ முக்கியமான இடம்.

நம்மில் பெரும்பாலானோருக்குத் தெரிந்த ஒரே முடிச்சு, வலது மேல் இடது, இடது மேல் வலது. ரீஃப் நாட். பண்டைய கிரேக்கரும் ரோமரும் இதை ஹெர்குலிஸ் முடிச்சு என்றார்கள். நகையில் செதுக்கினார்கள். ரோமானிய மணப்பெண்ணின் இடைக்கச்சையில் கட்டினார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த பிளினி, காயத்தை ஹெர்குலிஸ் முடிச்சால் கட்டினால் சீக்கிரம் ஆறும் என்றே எழுதி வைத்தார்.

முடிச்சில் மந்திரம் இல்லை. ஆனா தட்டையாக உட்காரும், உடம்பில் உறுத்தாது, நழுவாது. காயக் கட்டுக்கு அருமையான முடிச்சு. முதல் கட்டில் ஒரு சுற்று கூடுதலாகப் போட்டால் அதுதான் சர்ஜன்ஸ் நாட்.

1552இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே, போர்க்களத்தில் காலை வெட்டியெடுத்த பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதற்குப் பதிலாக, ரத்தக் குழாய்களை நூலால் கட்டினார். மருத்துவ வரலாற்றின் பெரிய திருப்பம் அது. ஆனாலும் அழுக்கு நூல் சீழைக் கொண்டு வந்தது. 1860களில் ஜோசப் லிஸ்டர் நூலைக் கார்பாலிக் அமிலத்தில் கிருமி நீக்கிய பிறகுதான் அந்த முடிச்சு முழுப் பலன் தந்தது.

அப்படிப்பட்ட முடிச்சு, ரெண்டு கயிற்றை ஒட்டுப்போடும் இடத்தில் ஆபத்து. ஒரு நுனியைப் பக்கவாட்டில் இழுத்தாலே புரண்டு உருவிக்கொண்டு வந்துவிடும். அமெரிக்க ஓவியரும் முடிச்சு ஆய்வாளருமான கிளிஃபோர்ட் ஆஷ்லி, பதினோரு வருஷம் உழைத்து 1944இல் கொண்டு வந்த மாபெரும் முடிச்சுப் புத்தகத்தில் இதைப் பற்றி எச்சரிக்கிறார். மற்ற எல்லா முடிச்சுகளும் சேர்ந்து வாங்கியதை விட, ஒட்டுமுடிச்சாகப் பயன்படுத்தப்பட்ட ரீஃப் நாட் வாங்கிய உயிர்கள் அதிகமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து.

இதை விட மோசம், வலது மேல் இடது என்பதை ரெண்டு முறையும் அதே பக்கமாகப் போடுவது. அதற்குப் பெயர் கிரானி நாட், பாட்டி முடிச்சு. பாட்டிகள் என்ன பாவம் செய்தார்களோ தெரியல.

பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ரெண்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? 2020இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், இழுவிசைக்கு ஏற்ப நிறம் மாறும் இழைகளைக் கொண்டு ஆராய்ந்து 'சயன்ஸ்' இதழில் விளக்கம் எழுதினார்கள். கயிற்றின் பகுதிகள் எதிரெதிர்த் திசையில் முறுகினால் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஒரே திசையில் முறுகினால் சேர்ந்தே உருளும். ரீஃப் முதல் வகை, பாட்டி முடிச்சு இரண்டாம் வகை.

உங்க ஷூ லேஸ் அடிக்கடி அவிழுதா? பூ முடிச்சு காலுக்குக் குறுக்கே படுக்காமல் நெடுக்காக நிற்குதான்னு பாருங்க. நின்றால் அது பாட்டி முடிச்சு. முதல் கட்டைத் திசை மாற்றிப் போடுங்க, சரியாயிடும்.

கயிறு குட்டையாக இருந்து இன்னொன்றை ஒட்டுப்போட வேண்டுமானால் ஷீட் பெண்ட் போடுங்க. ரீஃப் வேண்டாம்.

10. இன்னொரு டாக்டர்

1978 அக்டோபர் 6. லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழின் முதல் பக்கத்தில், ஓய்வு பெற்ற மருத்துவர் எட்வர்ட் ஹன்டர் ஒரு புதிய முடிச்சு கண்டுபிடித்ததாகச் செய்தி. அறுந்த ஷூ லேஸை ஒட்டுப்போட அவர் பல வருஷமாகப் பயன்படுத்திய முடிச்சாம் அது.

பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவைச் சேர்ந்த ஃபில் ஸ்மித் 1950களிலேயே மலையேறிகளுக்கான புத்தகத்தில் அதே முடிச்சைப் பதிவு செய்திருந்தார். இருந்தாலும் அந்தச் செய்தி எழுப்பிய ஆர்வத்தில் முடிச்சுப் பிரியர்கள் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள். 1982இல் சர்வதேச முடிச்சாளர் சங்கம் பிறந்தது. முடிச்சு இன்றும் ஹன்டர் பெயரில்தான் இருக்கு.

11. காட்டில் கயிறே எடுக்கக் கூடாத ஒரு நேரம்

இந்தப் பகுதியை மட்டுமாவது உங்க முகாம் குழுவில் எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க.

பாம்பு கடித்தால் கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டும் பழக்கம் மிகப் பழையது. சுஸ்ருத சம்ஹிதையிலேயே, கடிவாய்க்கு நான்கு விரற்கடை மேலே கட்டச் சொல்லியிருக்கு. சினிமாவும் அதையே நமக்குக் கற்றுக்கொடுத்தது.

இன்றைய மருத்துவம் தெளிவாகச் சொல்கிறது: கட்டாதீங்க. இறுக்கிய கயிறு விஷத்தை முழுசா நிறுத்தாது. ஆனா ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். விஷத்தால் ஏற்கெனவே வீங்கும் கைகால், ரத்தமும் இல்லாமல் அழுகிப்போகும். உயிர் பிழைத்து காலை இழந்தவர்கள் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். கடிபட்டவரைப் பதற விடாதீங்க, நடக்க விடாதீங்க. மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்க. கடிபட்ட கை காலை ஒரு கம்பை வைத்து, துணியால் தளர்வாகச் சேர்த்துக் கட்டி அசையாமல் வைங்க. கீறாதீங்க, உறியாதீங்க. 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்க.

யாராவது முன்னாடியே இறுக்கிக் கட்டியிருந்தால், வழியில் பதறி அவிழ்க்காதீங்க. தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உடம்புக்குள் பாயக்கூடும். மருத்துவமனையில், மருந்து கைவசம் வைத்துக்கொண்டு நாங்க அவிழ்ப்போம்.

12. கடைசியா ஒரு ஒத்திகை

கிளம்புறதுக்கு முதல் நாள் வீட்டு மொட்டை மாடியிலோ வாசலிலோ ஒரு முறை கட்டிப் பாருங்க. முதல் மரம் போலைன். இரண்டாவது மரம் லாரிக்காரர் முடிச்சு. மேல் முனைகள் ப்ரூசிக். பிய்ந்த மூலை ஷீட் பெண்ட். ஊன்றுகோல் தலையில் க்ளோவ் ஹிட்ச். முளைகள் டாட்லைன். ரீஃப் நாட் காயக் கட்டுக்கு மட்டும்.

கட்டியதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை அவிழ்த்துப் பாருங்க. இருட்டில் செய்ய வரலைன்னா இன்னும் பழகணும்னு அர்த்தம்.

மின்கம்பத்திலோ, மின்கம்பி போகும் மரத்திலோ எக்காரணம் கொண்டும் கட்டாதீங்க. நனைந்த கயிறு மின்சாரத்தைக் கடத்தும். கழுத்து உயரத்தில் குறுக்கே போகும் கயிற்றில் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்க விடுங்க. இருட்டில் சிறுநீர் கழிக்க எழுந்து வருபவர் உங்க கயிற்றில் கழுத்தைக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் சின்னப் பசங்க இருந்தா கூட உட்கார வைத்து முயல் கதையைச் சொல்லிக் கொடுங்க. பத்தே நிமிஷத்தில் போலைன் போட்டுவிடுவார்கள்.

பாம்புக்கடி பகுதியை மறக்காம பகிருங்க.